சென்சாரை மாற்றும் முன்: லாரி இஞ்சின் பாதுகாப்பு அமைப்பில் மின்பழுது பிடிக்கும் முறை

சிவப்பு விளக்கு எரிகிறது, இழுவை குறைகிறது, சில வண்டிகளில் 30 வினாடி எச்சரித்துவிட்டு இஞ்சினே நின்றுவிடுகிறது. ஆயில் பிரஷரோ கூலன்ட் சூடோ கூலன்ட் மட்டமோ எல்லை தாண்டிவிட்டதாக ஈசிஎம் (இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) நம்பியதால்தான் இப்படி ஆகிறது. ஈசிஎம்முக்குக் கண் கிடையாது. வயரில் வந்து சேரும் வோல்டேஜ்தான் அதற்குத் தெரிந்த ஒரே விஷயம். அந்த வோல்டேஜ் மாறியதற்கு இஞ்சின் காரணமா, சென்சார் காரணமா, இரண்டுக்கும் நடுவில் ஓடும் வயர் காரணமா என்று பிரிப்பதுதான் நம் வேலை.

பிரித்துப் பார்க்காமல் புது சென்சார் போட்டாலும் பல நேரம் பழுது மறைந்துபோகும். கனெக்டரைக் கழற்றி மாட்டும்போது பின்கள் உரசிக் கொஞ்ச நாளைக்கு நல்ல தொடர்பு கிடைப்பதே அதற்குக் காரணம். சில வாரத்தில் அதே கோடு (ஈசிஎம் பதிவு செய்யும் பழுது எண்) திரும்பி வரும்.

முதலில் இஞ்சினைச் சந்தேகப்படுங்கள்

மல்டிமீட்டரை எடுக்கும் முன் ஆயில் அளவையும், இஞ்சின் ஆறிய பிறகு கூலன்ட் அளவையும் பாருங்கள். ஆயில் பிரஷர் கோடு வந்திருந்தால் ஆயில் கேலரியில் (பிளாக்கினுள் ஆயில் ஓடும் பாதை) முள் கேஜ் ஒன்றைப் பொருத்தி நேரடியாக அளந்துவிடுங்கள். பல பெரிய டீசல் இஞ்சின்களில், சூடான நிலையில் ஐடிலில் குறைந்தது 70 கிலோபாஸ்கல், 1200 ஆர்பிஎம்மில் 200 கிலோபாஸ்கல் அளவுக்கு இருக்க வேண்டும். உங்கள் இஞ்சினுக்கான எண்ணை அதன் கையேட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். சூட்டை அகச்சிவப்பு வெப்பமானியால் பார்ப்பதானால் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கின் (உறையின்) மேல் கறுப்பு டேப் ஒட்டி அதன்மேல் குறிவையுங்கள். பளபளப்பான அலுமினியம் உண்மையைவிடக் குறைவான சூட்டைக் காட்டும்.

ஸ்கேனரில் (ஈசிஎம் படிக்கும் அளவுகளைக் காட்டும் கருவி) எண் எப்படி மாறுகிறது என்பதே பாதி விடை. பல லிட்டர் கூலன்ட் ஒரே வினாடியில் 85 டிகிரியிலிருந்து 120க்குத் தாவாது. அப்படித் தாவினால் அது மின்பழுது. வெயிலில் நிற்கும் வண்டி மைனஸ் 40 டிகிரி காட்டினால் சர்க்யூட் எங்கோ அறுந்திருக்கிறது. மெதுவாக ஏறி, ஏற்றத்தில் மேலும் கூடி, இறக்கத்தில் இறங்கும் சூடு பெரும்பாலும் நிஜமான சூடு.

அளவெடுக்கத் தேவையான நேரம் தவிர, சந்தேகம் தீரும்வரை இஞ்சினை ஓடவிடாதீர்கள். கீழே சொல்லும் ஜம்பர் (இரு பின்களை இணைக்கும் சிறு வயர்) சோதனைகள் சாவி ஆன், இஞ்சின் ஆஃப் நிலையில் செய்பவை. சென்சாரை ஜம்பர் போட்டு ஏமாற்றி வண்டியை ஓட்டுவது பேரிங்கையும் கிராங்கையும் பலிகொடுக்கும் வேலை.

கோடு எந்தத் திசையைக் காட்டுகிறது

லாரிக் கணினிகளின் பொதுத் தரநிலையான ஜே1939 கோடுகளில் இரண்டு எண் இருக்கும். எஸ்பிஎன் எது பழுது என்று சொல்கிறது: 100 ஆயில் பிரஷர், 110 கூலன்ட் சூடு, 111 கூலன்ட் மட்டம், 105 இன்டேக் மேனிஃபோல்டு சூடு, 190 இஞ்சின் வேகம், 168 பேட்டரி வோல்டேஜ். எஃப்எம்ஐ எப்படிப் பழுது என்று சொல்கிறது. பலர் முதல் எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். நமக்கு வழி காட்டுவதோ இரண்டாவது எண்.

எஃப்எம்ஐ 0, 1, 15 முதல் 18 வரை வந்தால் வோல்டேஜ் நியாயமான எல்லைக்குள்தான் இருந்தது, அது சொன்ன அளவுதான் ஆபத்தானது. அதனால் இஞ்சினை முதலில் பாருங்கள். 3 என்றால் வோல்டேஜ் மேலே போய்விட்டது, 4 என்றால் கீழே விழுந்துவிட்டது. 5 கரண்ட் குறைவு, அதாவது கட். 6 கரண்ட் அதிகம், அதாவது எர்த்துக்கு ஷார்ட். 2 என்றால் சிக்னல் நிலையில்லாமல் ஆடுகிறது அல்லது மற்ற சென்சார்களோடு ஒத்துப்போகவில்லை; லூஸ் கான்டாக்ட்டின் வழக்கமான முகம் இது. 8 என்றால் சிக்னலின் அதிர்வெண்ணோ துடிப்போ சரியில்லை; பெரும்பாலும் ஸ்பீடு சென்சார் போன்றவற்றில் வரும். 9, 19 இரண்டும் கேன் லைன் (வண்டியின் கணினிகள் தகவல் பரிமாறும் வயர் ஜோடி) பக்கம் கைகாட்டும்.

கோடை அழிக்கும் முன் எண், எத்தனை முறை வந்தது, அந்த நேரத்துச் சூடு, ஆர்பிஎம் எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். விட்டுவிட்டு வரும் பழுதுக்கு வேறு தடயம் கிடைக்காது.

பேட்டரியும் எர்த்தும்

ஒரே நேரத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நாலைந்து கோடுகள் வந்தால் சென்சார்களை விட்டுவிட்டு நேராக இங்கே வாருங்கள். 24 வோல்ட் வண்டியில் ஓய்வில் 25.2 வோல்ட்டுக்குக் குறையாமலும், இஞ்சின் ஓடும்போது 27.5 முதல் 28.5 வரையும், ஸ்டார்ட் அடிக்கும்போது 19க்குக் கீழே போகாமலும் இருக்க வேண்டும். 12 வோல்ட் வண்டிக்கு இதில் பாதி என்று கொள்ளலாம். மீட்டரை ஏசி வோல்ட் நிலையில் வைத்து, ஓடும் இஞ்சினில் பேட்டரி முனைகளில் அரை வோல்ட்டுக்கு மேல் வந்தால் ஆல்டர்னேட்டர் டயோடைச் சந்தேகப்படுங்கள்.

எர்த்தை ஓம் வைத்துப் பார்த்து ஏமாறாதீர்கள். இருபது இழைகளில் ஒன்று மிஞ்சியிருந்தாலும் மீட்டர் பூஜ்ய ஓம்தான் காட்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் போஸ்டிலும் மறுமுனையை ஈசிஎம் எர்த் பின்னின் பின்பக்கத்திலும் வைத்து, இஞ்சின் ஓடும்போது விழும் வோல்டேஜை அளக்க வேண்டும். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் வழியில் எங்கோ துரு அல்லது தளர்ந்த நட்டு இருக்கிறது. ஈசிஎம் கனெக்டரைக் கழற்றிவிட்டு, அதன் சப்ளை, எர்த் வயர்களுக்கு நடுவே ஒரு ஹெட்லைட் பல்பை எரியவைத்துப் பார்ப்பது இன்னும் உறுதியான சோதனை. பல்பு மங்கினால் அந்த வயர் சுமை தாங்கவில்லை.

இரவு ஆறிய வண்டி

எதையும் பிரிக்காமல் செய்யக்கூடிய சோதனை இது. அதிகம் பேர் செய்வதில்லை. இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து ஸ்கேனரைப் பாருங்கள். கூலன்ட், ஆயில், இன்டேக், ஃபியூல் சூடுகள் எல்லாம் சில டிகிரிக்குள் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் 10 டிகிரி விலகி நின்றால் குற்றவாளி அதுதான். ஆயில் பிரஷர் பூஜ்யம் காட்ட வேண்டும். இன்டேக் பிரஷர் காற்றழுத்தச் சென்சாரோடு ஒத்துப்போக வேண்டும். கடல் மட்டத்தில் அது சுமார் 100 கிலோபாஸ்கல்.

இரண்டு வயர் சூடு சென்சார்

கூலன்ட், இன்டேக் சூடு சென்சார்கள் பெரும்பாலும் சூடு ஏற ஏற ஓம் குறையும் தெர்மிஸ்டர்கள். பரவலாக உள்ள ஒரு வகையில் 20 டிகிரியில் சுமார் 2500 ஓம், 80 டிகிரியில் 320 ஓம், 100 டிகிரியில் 186 ஓம். ஈசிஎம் உள்ளேயிருந்து ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட் தருகிறது. சென்சார் அதை எவ்வளவு கீழே இழுக்கிறது என்பதே சிக்னல்.

1. சாவி ஆன், இஞ்சின் ஆஃப். ஸ்கேனரில் எண்ணைப் பார்த்துக்கொண்டே சென்சார் கனெக்டரைக் கழற்றுங்கள். எண் கடைசிக் குளிருக்கு, பெரும்பாலும் மைனஸ் 40க்கு, போக வேண்டும். வயர் பக்கக் கனெக்டரின் இரு பின்களுக்கிடையே 5 வோல்ட் அருகே இருக்க வேண்டும்.
2. கழற்றியும் எண் சூடாகவே நின்றால் சிக்னல் வயர் எங்கோ எர்த்தில் படுகிறது.
3. அந்த இரு பின்களையும் பொருத்தமான டெர்மினல் போட்ட ஜம்பரால் இணையுங்கள். எண் உச்சச் சூட்டுக்கு ஏற வேண்டும். கழற்றும்போதும் இணைக்கும்போதும் சரியாக நடந்தால் வயரும் ஈசிஎம்மும் நன்றாக இருக்கின்றன. சென்சாரோ அதன் பின்களின் தொடர்போதான் பழுது.
4. ஜம்பர் போட்டும் எண் மாறவில்லையா? சிக்னல் பின்னை மட்டும் இஞ்சின் பிளாக்கின் சுத்தமான இடத்தில் தொடுங்கள். இப்போது மாறினால் ரிட்டர்ன் வயர் (சென்சாரிலிருந்து ஈசிஎம்முக்குத் திரும்பும் எர்த் வயர்) கட். இப்போதும் மாறாவிட்டால் சிக்னல் வயரோ ஈசிஎம் பின்னோ.

இந்த வகைச் சர்க்யூட்டில் பயமுறுத்துவது துருப்பிடித்த பின். கூடுதல் ஓம் சேர்ந்தால் ஈசிஎம் அதைக் குளிர் என்று படிக்கும். மேலே சொன்ன சென்சாரில் பின் துருவால் 140 ஓம் கூடினால், நிஜமாக 100 டிகிரியில் கொதிக்கும் இஞ்சினை ஈசிஎம் 80 டிகிரி என்று நினைக்கும். கோடு வராது, விளக்கு எரியாது, பாதுகாப்பும் வேலை செய்யாது. இல்லாத சூட்டைக் காட்டுவது இதற்கு நேர் எதிர்: கனெக்டருக்குள் தண்ணீர், நசுங்கிய இன்சுலேஷன் போன்ற கசிவு. பொய்ச்சூடு வந்தால் கசிவைத் தேடுங்கள்; மீட்டருக்கும் நிஜத்துக்கும் குளிர்ப் பக்கம் வித்தியாசம் வந்தால் துருவைத் தேடுங்கள்.

மூன்று வயர் பிரஷர் சென்சார்

இதில் 5 வோல்ட் சப்ளை, ரிட்டர்ன், சிக்னல் என மூன்று வயர். இங்கே பின்களை ஜம்பரால் இணைக்காதீர்கள். கழற்றிய கனெக்டரில் சப்ளைக்கும் ரிட்டர்னுக்கும் நடுவே 4.75 முதல் 5.25 வோல்ட் வேண்டும். வராவிட்டால் சப்ளை பின்னை இஞ்சின் எர்த்தோடு அளந்து பாருங்கள். இங்கே வந்தால் ரிட்டர்ன் கட், இங்கேயும் இல்லாவிட்டால் சப்ளை பழுது. மாட்டிய நிலையில், இஞ்சின் ஆஃபில் ஆயில் பிரஷர் சிக்னல் பொதுவாக 0.5 வோல்ட் அருகே இருக்கும்; முழு அழுத்தத்தில் 4.5 வரை போகும். ரிட்டர்னில் துரு இருந்தால் இந்த 0.5 மேலே ஏறி, நிற்கும் இஞ்சினுக்கும் கொஞ்சம் பிரஷர் இருப்பதாகக் காட்டும்.

ஒரே 5 வோல்ட் லைனைப் பல சென்சார்கள் பகிர்ந்துகொள்வது வழக்கம். ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் எல்லாம் சேர்ந்து கோடு போடும். மீட்டரைச் சப்ளை பின்னிலேயே வைத்துக்கொண்டு சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அதை மாற்றுங்கள். எல்லாவற்றையும் கழற்றியும் திரும்பாவிட்டால் ஷார்ட் வயரிங்கில் இருக்கிறது.

கூலன்ட் மட்டம்

இந்தக் கோடு வளைவிலும் ஏற்றத்திலும் மட்டும் வந்தால் முதலில் கூலன்டை நிரப்புங்கள். எல்லைக்கோட்டில் நிற்கும் கூலன்ட் சாய்ந்தாலே சென்சார் காற்றில் வெளிப்படும். நிரப்பியும் வந்தால் டேங்க்கில் நுரை இருக்கிறதா பாருங்கள்; ஹெட் கேஸ்கெட் வழியாக வரும் வாயுவும் இதே கோடைக் கொண்டுவரும். மின்கடத்தலால் உணரும் வகையில் முனையில் உப்புப் படிந்தால் கூலன்ட் இருந்தும் இல்லை என்று சொல்லும்.

கேன் லைன்

பேட்டரியைத் துண்டித்துவிட்டு, ஒன்பது பின் டயக்னாஸ்டிக் கனெக்டரில் சி, டி பின்களுக்கு நடுவே ஓம் பாருங்கள். 60 ஓம் சரி. 120 என்றால் ஒரு முனை ரெசிஸ்டர் இல்லை, அல்லது நடுவில் கட். 40 என்றால் யாரோ மூன்றாவதாக ஒன்று சேர்த்திருக்கிறார்கள். பூஜ்யம் என்றால் இரு வயரும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. சாவி ஆனில் எர்த்தோடு அளந்தால் சி பின் 2.5க்குச் சற்று மேலும், டி பின் சற்றுக் கீழும் நிற்க வேண்டும்.

வந்து வந்து போகும் பழுது

மீட்டரை மிகக் குறைந்த, மிக அதிக அளவுகளைப் பிடித்துவைக்கும் மின்/மேக்ஸ் (min/max) நிலையில் வைத்து, ஹார்னஸை (வயர் கட்டு) ஒரு முனையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டி வாருங்கள். ரப்பர் போன கிளிப்கள், கேபின் சாய்க்கும்போது வளையும் இடம், டர்போவுக்கு அருகே ஓடும் பகுதி, ஏர் கம்ப்ரஸரின் பின்புறம் ஆகியவற்றில் அதிக நேரம் செலவிடுங்கள். குளிரில் நன்றாக இருந்து சூட்டில் மட்டும் வருவதானால் இஞ்சினைச் சூடாக்கி நிறுத்திய உடனே செய்யுங்கள்.

கனெக்டரைத் திறந்தால் பச்சைப் படிவு, நகர்ந்த சீல், இடம்விட்டுப் பின்னால் நகர்ந்த டெர்மினல் ஆகியவற்றைத் தேடுங்கள். பெண் டெர்மினலின் பிடியை அதே அளவு உதிரிப் பின் ஒன்றைச் செருகி இழுத்துப் பாருங்கள். லேசான பிடிப்பு இருக்க வேண்டும். மீட்டர் முனையை உள்ளே குத்தினால் டெர்மினல் விரிந்து, இல்லாத பழுதை நீங்களே உண்டாக்குவீர்கள். ஆயில் பிரஷர் சென்சார் உள்ளே கசிந்தால் ஆயில் வயர் இழைகளுக்கு நடுவே ஏறி ஈசிஎம் கனெக்டர் வரை போகும். சென்சார் பின்னில் ஆயில் ஈரம் கண்டால் ஈசிஎம் முனையையும் கட்டாயம் திறந்து பாருங்கள்.

வயரை மட்டும் சோதிக்க இரு முனையையும் கழற்றி ஓம் பாருங்கள்: முனைக்கு முனை 10 ஓமுக்குக் குறைவு, எர்த்துக்கும் பக்கத்து வயர்களுக்கும் 100 கிலோ ஓமுக்கு மேல். மின்சாரம் இருக்கும் வயரில் ஓம் பார்க்கக் கூடாது.

சரிசெய்தபின்

வெட்டிய வயரை முறுக்கி டேப் சுற்றாதீர்கள். சரியான அளவு கிரிம்ப் போட்டு, உள்பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க்கால் மூடுங்கள். பல வயர்களில் இணைப்பு வந்தால் ஒரே இடத்தில் சேராமல் முன்பின்னாக வையுங்கள். கேன் ஜோடியின் முறுக்கை அவிழ்த்தபடி விடாதீர்கள். சேஸியில் வெல்டிங் செய்வதானால் பேட்டரி, ஈசிஎம் கனெக்டர் இரண்டையும் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

கோடுகளை அழித்து, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை இஞ்சினைச் சூடாக்கி, சுமையோடு ஓட்டி, மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். மறுநாள் காலை ஆறிய வண்டியில் சூடு எண்களை மீண்டும் ஒப்பிட்டு, அந்த எண்களைத் தேதியோடு வண்டியின் சர்வீஸ் பதிவில் எழுதிவையுங்கள். அடுத்த முறை விளக்கு எரியும்போது எந்த எண் நகர்ந்திருக்கிறது என்று அந்தப் பக்கமே காட்டும்.