பேரிடருக்குத் தயாராகிறேன் என்று நாங்கள் செய்த தவறுகள்

2025 மார்ச் 28 மியான்மர் நிலநடுக்கத்துக்கு அப்புறம் எங்கள் ரங்கூன் சந்தில் பையன்கள் ஒரு குழு தொடங்கியிருக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அவர்கள் போட்ட பட்டியலை வாங்கிப் பார்த்தால், 2007-ல் நாங்கள் போட்டதைப் பார்த்து எழுதியது மாதிரியே இருக்கிறது. டார்ச், மருந்துப் பெட்டி சமாசாரமெல்லாம் யாருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

கிணற்றைத் தூர்ப்பது

இதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. சந்தின் கடைசியில் ஒரு பழைய உறைகிணறு இருந்தது. வீட்டுக்கு வீடு போர்வெல் போட்டு மோட்டார் வைத்ததும், இனி யார் இறைக்கப் போகிறார்கள், கொசுதான் வளரும் என்று சொல்லிக் கல்லும் மண்ணும் கொட்டித் தூர்த்தோம். முதலில் கை தூக்கியவன் நான்தான். மறு வருஷம், 2008 மே 2 ராத்திரி, நர்கிஸ் புயல் வந்தது. ஐராவதி டெல்டாவில் கடலே ஏறி வந்து, செத்தவர்களும் காணாமல் போனவர்களுமாகச் சுமார் 1,38,000 பேர். அதோடு ஒப்பிட்டால் ரங்கூனில் நாங்கள் பட்டது கஷ்டமே இல்லை. இருந்தாலும் சொல்கிறேன். மரம் விழுந்து கம்பியெல்லாம் அறுந்து வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. காலுக்குக் கீழே தண்ணீர் கிடக்கிறது, மேலே ஏற்ற வழியில்லை. ஜெனரேட்டர் வைத்திருந்த வீட்டு வாசலில் வரிசை. டீசல் விலை ஏற ஏறக் குடத்துக்கு வாங்கிய காசும் ஏறியது. அம்மா காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, கிணறு இருந்த இடத்தைத் தாண்டித்தான் அங்கே போவார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்த நிலநடுக்கத்தில் மாந்தலேயில் 40 டிகிரி வெயிலில் கரண்டும் தண்ணீரும் ஒன்றாகப் போனதைப் பார்த்த பிறகும், பையன்களின் முதல் வரி என்ன தெரியுமா? புது மோட்டார். கேட்டால், “அண்ணே, சோலார் போட்டுக்கலாம்” என்கிறார்கள். சரி, போடுங்கள். கையால் அடிக்கிற பம்பும் ஒன்று போடுங்கள், வாரம் ஒரு தடவை அடித்தும் பாருங்கள், இல்லாவிட்டால் உள்ளே தண்ணீரை இழுக்கிற வாசர் வளையம் காய்ந்துபோய்த் தேவைப்படும் அன்றைக்கு வெறும் காற்றைத்தான் இழுக்கும்.

போன ஆபத்துக்கு மட்டும் தயாராவது

நர்கிஸ் பயத்தில் தகரக் கூரை மேல் செங்கல்லும் மணல் மூட்டையும் ஏற்றி வைத்தோம். தரை ஆடினால் அது நம் தலையில்தான் விழும். நிலநடுக்கத்துக்குக் காரணமான பூமிக்கடி வெடிப்பு, சகாய்ங் பிளவு, மாந்தலேயோடு நிற்கவில்லை, தெற்கே பெகு பக்கம் வரை வருகிறது; 1930 மே 5-ல் பெகு ஆடியபோது ரங்கூனிலும் ஆட்கள் செத்தார்கள். இப்போது தலைகீழ். பையன்களின் பட்டியலில் புயல் என்ற சொல்லே இல்லை.

சாமான் அறைச் சாவி ஒரே ஆளிடம்

வேண்டாம். ஆபத்து வரும் அன்றைக்குப் பார்த்து அவர் மௌல்மீன் ஊரில் மகள் வீட்டில் இருப்பார்.

பெயர்ப் பட்டியல்

குடும்பத் தலைவர் பெயரும் போன் நம்பரும் மட்டும் எதற்கு உதவும்? எந்த வீட்டில் யாரால் நடக்க முடியாது, அவரை யார் தூக்கி வருவது, அந்த ஆள் ஊரில் இல்லாவிட்டால் அடுத்து யார் என்று எழுதுங்கள். போனில் அல்ல, பேப்பரில். எதிர்வீட்டு மூன்றாம் மாடி ஆயாவுக்கு நேரே இன்னும் யார் பெயரும் இல்லை.