உப்பு பிராண்டுக்கு பிராண்டு ருசி மாறுமா? சோதிக்கும்போது நேரும் தவறுகள்

புது பாக்கெட் பிரித்த அன்று சாம்பார் கரித்தால், பழி உப்புக் கம்பெனி மேல் விழும். பெரும்பாலும் காரணம் கரண்டிதான். நம் நாட்டில் விற்கும் அயோடின் உப்பில் ஈரத்தைக் கழித்துப் பார்த்தால் 96 சதவீதத்துக்குக் குறையாமல் சோடியம் குளோரைடு இருக்க வேண்டும் என்பது விதி. மீதமுள்ள துளியில்தான் ருசி வித்தியாசம் இருக்க முடியும்.

கரண்டியால் அளந்து ஒப்பிடுவதுதான் பெரிய தவறு. பொடி உப்பு தலைதட்டி ஒரு டீஸ்பூன் சுமார் 6 கிராம். கல் உப்பில் கல்லுக்குக் கல் இடைவெளி இருப்பதால் அதே ஸ்பூனில் எடை குறையும். அமெரிக்காவில் சமையலுக்குப் போடும் பெரும்படிக உப்பான கோஷர் உப்பில் இது இன்னும் பளிச்சென்று தெரியும்: டைமண்ட் கிரிஸ்டல் என்ற பிராண்டு ஒரு டீஸ்பூன் 2.8 கிராம், மார்ட்டன் என்ற பிராண்டு 4.8 கிராம். இரண்டும் அதே உப்புதான், படிகத்தின் வடிவம் வேறு. அந்த ஊர்ச் சமையல் குறிப்பை அப்படியே நம் பொடி உப்பில் செய்தால் வாயில் வைக்க முடியாது.

உப்பை நேரடியாக நாக்கில் வைத்துப் பார்ப்பதும் ஏமாற்றும். பொடி சட்டென்று கரைந்து சுள்ளென்று கரிக்கும். கல் மெல்லக் கரைவதால் அதே உப்பு மென்மையாகத் தெரியும். குழம்பில் கரைந்த பிறகு இந்த வித்தியாசம் நிற்காது. வெள்ளரிக்காய், மாங்காய்த் துண்டு, அவித்த முட்டை மேல் தூவும்போது மட்டும் நிற்கும்.

ஆகவே கரைத்துத்தான் சோதிக்க வேண்டும். கல் உப்பு என்றால் முதலில் வாணலியில் சிறு தீயில் ஈரம் போக வறுத்து, ஆறவிட்டுப் பொடியுங்கள். ஈரமும் எடையில் சேர்ந்துவிடும். லிட்டருக்கு 8 கிராம் போதும், ஆனால் வீட்டுத் தராசில் அதைத் துல்லியமாக நிறுக்க முடியாது, ஒரு கிராம் பிசகினாலே நாக்குக்குத் தெரியக்கூடும். அதனால் 80 கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்து, அதில் 100 மில்லியை எடுத்து, நீர் சேர்த்து ஒரு லிட்டராக்குங்கள். ரசத்தின் உப்பளவுக்குக் கிட்டே வரும். போர் தண்ணீர் வேண்டாம், அதன் சொந்த ருசி குறுக்கே வரும். எல்லாவற்றுக்கும் ஒரே கேன் தண்ணீர் போதும்.

பிறகு மூன்று டம்ளர்: இரண்டில் ஒரு பிராண்டு, ஒன்றில் இன்னொன்று. எது எதில் என்று ருசிப்பவருக்குத் தெரியக் கூடாது. ஒவ்வொரு வாய்க்கும் இடையே வெறும் நீரில் கொப்பளித்து அரை நிமிஷம் விடவேண்டும். இல்லாவிட்டால் முதல் டம்ளரே நாக்கை மழுக்கிவிடும். இடம் மாற்றி மாற்றி ஆறு முறை வையுங்கள். ஐந்து முறையாவது தனித்ததைச் சரியாகக் காட்டினால்தான் வித்தியாசம் உண்டு என்று நம்பலாம். ஒரே முறை பார்த்தால் குருட்டு யோகத்திலேயே மூன்றில் ஒரு வாய்ப்பு இருக்கிறது.

தவறு செய்யாத அயோடினையும் பலர் குற்றம் சொல்கிறார்கள். கடையில் வாங்கும்போது அது குறைந்தது 15 பிபிஎம் இருக்க வேண்டும், அதாவது கிலோவுக்கு 15 மில்லிகிராம். ஒரு வாய் ரசத்தில் அது நாக்குக்கு எட்டாத அளவு. கரைத்த நீர் லேசாகக் கலங்கினாலும் உடனே கலப்படம் என்று முடிவுகட்ட வேண்டாம்; கட்டிதட்டாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் அப்படித் தெரியலாம்.

உண்மையில் ருசியை மாற்றுவது மக்னீசியம். உப்பளப் பாத்தியில் உப்பு விளைந்தபின் எஞ்சும் கசப்பு நீரை நேரத்தோடு வடிக்காவிட்டால், அது கல்லோடு ஒட்டிக்கொண்டு வரும். மழைக்காலத்தில் கல் உப்பு ஜாடியின் அடியில் கசிந்து நிற்கும் நீரை ஒரு சொட்டு தொட்டு ருசித்தால், உப்புக்குப் பின்னால் ஒரு கசப்பு வரும். அதுதான் இது.

இன்னொன்று சோடியம் குறைத்த உப்பு. அதில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு. லேசாகக் கசக்கும், சிலருக்கு உலோக வாடை அடிக்கும். உப்பு குறைகிறதென்று மேலும் ஒரு சிட்டிகை போட்டால் கசப்புதான் கூடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் வீட்டில் டாக்டரைக் கேட்காமல் இதற்கு மாறவே கூடாது. வெளியேறாத பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பையே குலைத்துவிடும்.