அனிமேஷனை ஃபிரேம் ஃபிரேமாகப் பார்ப்பது எப்படி?

யூடியூபில் பழைய டிஸ்னி காட்சி ஒன்றை நிறுத்திவிட்டு, கீபோர்டில் முற்றுப்புள்ளியைத் தட்டித் தட்டி நகர்த்துங்கள். நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிக் காட்சித் துண்டுகள்; ஓரிரு ஃபிரேமுக்கு ஒருமுறை வரைந்த படம் மாறிக்கொண்டே இருக்கும்.

அப்புறம் 1963-இல் ஜப்பான் டிவியில் வந்த ‘ஆஸ்ட்ரோ பாய்’. ஒரே படம் மூன்று ஃபிரேம், சில இடங்களில் அதற்கு மேலும் அப்படியே நிற்கும், வாய் மட்டும் அசையும். வாராவாரம் ஒரு பகுதி தர வேண்டும், பட்ஜெட்டும் குறைவு, ஆனால் அந்த நெருக்கடியில்தான் அனிமேவுக்கே, அதாவது ஜப்பானிய அனிமேஷனுக்கே உரிய அழகு பிறந்தது என்பேன். அதை உருவாக்கிய ஒசாமு தெசுகா டிஸ்னி படங்களில் ஊறியவர், அந்தப் பெரிய கண்களைப் பார்த்தாலே தெரியும்.

சரி, இப்போது 2018-இன் ‘ஸ்பைடர்-மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்’. காட்டில் ஊசலாடும் காட்சியில் அனுபவசாலி ஸ்பைடர்-மேன் பீட்டர் ஒவ்வொரு ஃபிரேமிலும் நகர்வார், புதியவன் மைல்ஸ் இரண்டுக்கு ஒருமுறைதான், அதனாலேயே தடுமாறுவான். கூடவே அதே படத்தில் வரும் சிறுமி பெனி பார்க்கரின் முகத்தையும் நிறுத்திப் பாருங்கள், அசல் அனிமே!