கீல் மூட்டில் கசிவா? உள்ளே பூசி மூடாதீர்கள்

பாய்மரப் படகின் அடியில் மீன் துடுப்பு மாதிரி நிற்கும் கனமான ஈயத்தை அல்லது இரும்பைத்தான் கீல் என்கிறோம் (தாருக்கும் அதே பெயர், குழம்ப வேண்டாம்). போல்ட்டுகள்தான் அதைப் படகோடு பிடித்திருக்கின்றன. அவற்றின் நட்டுகள் படகுக்குள்ளே, பில்ஜ் என்ற அடிக்குழியில் தெரியும்.

அந்தக் குழியில் தண்ணீர் நின்றால் உடனே கீலைக் குற்றம் சொல்லாதீர்கள். பாய்மரம் வழியே இறங்கும் மழைநீர், குடிநீர்த் தொட்டி, புரொப்பெல்லர் தண்டு எதிலிருந்தும் அது வந்திருக்கலாம். உப்பு நீர்தானா என்று முதலில் பாருங்கள். அப்புறம் குழியை நன்றாகத் துடைத்து, ஒவ்வொரு நட்டையும் சுற்றி டிஷ்யூ பேப்பர் வையுங்கள். எது முதலில் நனைகிறதோ அங்கேதான் கோளாறு.

கீல்தான் என்று தெரிந்ததும் பலர் செய்வது, நட்டின் மேல் சீலன்ட் என்ற அடைப்புப் பசையை அப்பிவிடுவது. தயவுசெய்து வேண்டாம். தண்ணீர் போல்ட்டைச் சுற்றியே சிக்கிக்கொள்ளும். ஆக்சிஜன் கிடைக்காத ஈரத்தில் துருப்பிடிக்காத எஃகும் அரிக்கும், அதுவும் கண்ணுக்குத் தெரியாமல். கசிவை வெளியிலிருந்துதான் அடைக்க வேண்டும்.

படகைக் கரையேற்றி கீலின் மேல் நிறுத்துங்கள். மூட்டிலிருந்து நாள்கணக்கில் நீர் சொட்டினால் சந்தேகமே இல்லை. ஒரு நட்டைக் கழற்றிப் போல்ட்டைப் பாருங்கள். மெலிந்திருந்தாலோ, படகு முன்பு தரை தட்டியிருந்தாலோ நிறுத்திவிட்டு நிபுணரைக் கூப்பிடுங்கள். 2014-இல் அட்லாண்டிக்கில் சீக்கி ரஃபிகி என்ற படகின் கீல் கழன்று நால்வர் இறந்தார்கள்.

போல்ட் நன்றாக இருந்தால், கீல் விழாதபடி முட்டுக் கொடுத்து, கிரேன் வார் படகைத் தாங்க, நட்டுகளைக் கழற்றிப் படகைச் சற்று உயர்த்த வேண்டும். கீலின் எடை டன் கணக்கில். அதனால் இந்த ஒரு கட்டத்தைப் படகுத்துறைக்காரர்களிடம் விட்டுவிடுங்கள். இடைவெளிக்குள் கையை விடவே கூடாது.

பழைய சீலன்ட்டை நீண்ட கைப்பிடிச் சுரண்டியால் எடுத்து, உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, முழுவதும் காயவிடுங்கள். பாலியூரித்தேன் சீலன்ட்டைத் தாராளமாகப் போடுங்கள், போல்ட்டுகளைச் சுற்றித் தனி வளையமாகவும். சிலிக்கான் வேண்டாம், அதன் மேல் பெயின்ட் ஒட்டாது.

படகை இறக்கி, நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நட்டுகளை முடுக்குங்கள். சுற்றிலும் சீலன்ட் பிதுங்கி வர வேண்டும். முடுக்கும் விசையை அளக்கும் டார்க் ரென்ச்சில் வைக்கும் அளவு படகைத் தயாரித்தவர் சொன்னதாக இருக்கட்டும். அது காய்ந்த மரைக்கா, எண்ணெய் தடவியதற்கா என்றும் பாருங்கள்.

சீலன்ட் உலரப் பல நாள் ஆகும். படகை நீரில் இறக்கியதும் அதே டிஷ்யூ பேப்பரை மறுபடி வைத்துப் பாருங்கள்.