அமானுஷ்யமான அறிவியல் நாவலை வாசகர் வட்டத்தில் பேசுவது எப்படி? ‘சோலாரிஸ்’ கொண்டு ஒரு செய்முறை

புதுச்சேரியில் எங்கள் வாசகர் வட்டம் பெரும்பாலும் சிறுகதைகளையே பேசி வந்தது. போலந்து எழுத்தாளர் ஸ்தானிஸ்வாவ் லெம் 1961-இல் வெளியிட்ட ‘சோலாரிஸ்’ நாவலை எடுத்தபோதுதான் பழைய முறை போதாது என்று தெரிந்தது. ஆள் சேர்ப்பதும் தேநீர் ஏற்பாடும் உங்களுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன். கதையின் திருப்பங்கள் கீழே வருகின்றன.

1. இடம்

கோளையே மூடிக் கிடக்கும் ஒரு கடல்தான் நாவலின் மையம் என்றதும், கடற்கரைச் சாலையில் கூடலாம் என்று யாராவது சொல்வார்கள். மாலை ஆறு மணிக்கு மேல் அங்கே வண்டிகள் வராது என்பது உண்மைதான். ஆனால் காற்றில் பக்கம் நிற்காது, சுண்டல் விற்பவர் வந்துகொண்டே இருப்பார், பாதிப் பேர் தெரிந்தவர்களைக் கண்டு எழுந்து போவார்கள். ஒரு வீட்டுக்குள் கூடுங்கள். கதையும் அடைபட்ட ஆய்வு நிலையத்துக்குள்தான் நடக்கிறது.

2. பென்சில்

வண்ண ஒட்டுத்தாள் வேண்டாம். எல்லாப் பக்கத்திலும் ஒட்டிக்கொண்டு வருவார்கள். பென்சிலால் ஒரே ஒரு இடத்தைக் குறித்து வரச் சொல்லுங்கள்: படிக்கும்போது உடம்பு சில்லிட்ட இடம்.

3. முதல் அரைமணி நேரம் விளக்கம் கூடாது

‘அந்தக் கடல் கடவுளா, மனசாட்சியா?’ என்று தொடங்கினால் கூட்டம் அங்கேயே முடிந்தது. குறித்த இடத்தை வாசித்துக்காட்டச் சொல்லுங்கள். நிலையத்துக்கு வந்த விஞ்ஞானி கெல்வினின் அறையில், அவனுடைய இறந்துபோன மனைவி ஹேரி வந்து உட்கார்ந்திருக்கிறாள்; அவன் நினைவிலிருந்து அந்தக் கடல் உருவாக்கிய உருவம் அவள். அவள் உடையைக் கழற்ற வழியில்லை. பொத்தான்கள் வெறும் அலங்காரம், கத்தரிக்கோலால் வெட்ட வேண்டியிருக்கிறது. இந்த நாவலில் பயம் இத்தகைய சின்னப் பிசகுகளில் இருக்கிறது. தத்துவம் பேசினால் அவை கண்ணில் படாது.

4. நூலக அத்தியாயங்கள்

பெரும்பாலான வட்டங்கள் தடுக்கி விழும் இடம் இது. கடலைப் பற்றி நூறாண்டுக்கும் மேலாக நடந்த ஆராய்ச்சிகளைக் கெல்வின் நூலகத்தில் புரட்டும் பகுதிகளை ‘கதை நின்றுவிட்டது’ என்று சொல்லிப் பலர் தாண்டிவிடுகிறார்கள். தாண்டியவர்களைத் திட்டிப் பயனில்லை. கடல் எழுப்பும் மிமாய்டு, சிமெட்ரியாட் போன்ற உருவங்களின் வர்ணனையை ஒருவர் மெதுவாக வாசிக்க, மற்றவர்கள் கேட்டபடியே தாளில் வரையட்டும். ஒரு படம் இன்னொன்றுடன் ஒத்துப்போகாது. எல்லாத் தாள்களையும் தரையில் பரப்பியதும், இத்தனை அறிஞர்கள் பெயர் வைத்ததைத் தாண்டி எதையும் அறியவில்லை என்பதை நீங்கள் சொல்லாமலே எல்லோரும் உணர்வார்கள். நேரம் குறைவாக இருந்தால் மற்றப் படிகளைச் சுருக்குங்கள், இதை வேண்டாம்.

5. கேள்வி

‘கெல்வினைத் தேடி ஹேரி வந்ததுபோல் உங்களைத் தேடி யார் வருவார்கள்?’ என்று கேட்காதீர்கள். எல்லோர் வாயிலும் முதலில் வரும் கேள்வி அதுதான். யாராவது கண் கலங்குவார்கள், நாவல் மறந்துபோகும். முதலில் வந்த ஹேரியைக் கெல்வின் ராக்கெட்டில் ஏற்றி அனுப்பிவிடுகிறானே, அது கொலையா என்று கேளுங்கள். எங்கள் வட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், “சார், அவள் மனுஷியே இல்லையே” என்ற ஓர் இளைஞரிடம், “ராக்கெட் கதவை உள்ளிருந்து தட்டினாளே, தம்பி” என்றார். அதற்குப் பிறகு கூட்டத்தை நடத்த என் தேவையே இருக்கவில்லை.

பின்சேர்க்கை: இந்தக் குறிப்பைப் படித்துவிட்டு எனக்கு எழுதியவர்கள் காட்டிய இரண்டு சிக்கல்கள். ஹேரியின் மரணம் தற்கொலை. அண்மையில் யாரையாவது இழந்தவர்கள் வட்டத்தில் இருந்தால் புத்தகத்தைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். அடுத்தது, 1970-இல் வந்த ஆங்கிலப் பதிப்பில் ஹேரி ‘ரேயா’ ஆகியிருக்கிறாள், நிலையத்தின் இன்னொரு விஞ்ஞானி ஸ்னாட் ‘ஸ்னோ’ ஆகியிருக்கிறார். 2011 பதிப்பு மூலப் பெயர்களையே வைத்திருக்கிறது. இரண்டும் கலந்து வந்தால் பெயர்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இந்த நாவலை வைத்து 1972-இல் சோவியத் இயக்குநர் தார்கோவ்ஸ்கி எடுத்த படத்தைக் கூட்டத்துக்கு முன் போடாதீர்கள். லெமுக்கே அது பிடிக்கவில்லை. பார்த்தே ஆக வேண்டுமென்றால் அடுத்த வாரம் போடுங்கள்.