ஐஸ் மேக்கர் வாங்கும்போது டெல்டா வீடுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சமையல் மேடையில் வைக்கும் சிறிய ஐஸ் மேக்கரின் பெட்டியில் ‘24 மணி நேரத்தில் 12 கிலோ’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். அந்த ஒரு வரியை நம்பி வாங்குவதில்தான் பெரும்பாலான ஏமாற்றங்கள் தொடங்குகின்றன. அது குளிர்ந்த அறையில், குளிர்ந்த தண்ணீரை ஊற்றிப் போட்ட கணக்கு. கத்திரி வெயிலில் திருச்சியிலும் தஞ்சாவூரிலும் வெளியே 40 டிகிரி காயும்போது, இரண்டு அடுப்பும் எரியும் சமையலறை எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் கையைச் சுடும். ஆகவே உங்கள் வீட்டு மே மாதத்தையும் உங்கள் வீட்டுத் தண்ணீரையும் முன்னால் வைத்து இந்த இயந்திரத்தைத் தேர்ந்தெடுங்கள் என்பதுதான் நான் சொல்ல விரும்புவது.

இது வேலை செய்யும் விதம் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். உள்ளே ஒரு சிறு தட்டில் தண்ணீர் ஏறி நிற்கும். அதற்குள் விரல் போன்ற உலோகக் குழாய்கள், பெரும்பாலும் ஒன்பது, மூழ்கியிருக்கும். கம்ப்ரெசர் அந்த விரல்களைக் குளிர்விக்க, அவற்றைச் சுற்றிப் பனி படிந்து, எட்டுப் பத்து நிமிடத்தில் நடுவே குழியுள்ள கட்டிகளாகிவிடும். பிறகு சூடான வாயு அதே விரல்களுக்குள் ஓடும். கட்டிகள் கழன்று விழும். ஒரு தள்ளுகோல் அவற்றைக் கூடைக்குள் தள்ளிவிடும். கூடை நிரம்பியதும் உணரி அதைக் கண்டுகொண்டு இயந்திரத்தை நிறுத்திவிடும்.

இனி அந்த 12 கிலோவைப் பாருங்கள். மணிக்கு அரை கிலோ என்று வைத்துக்கொண்டாலும், பல சிறிய மாடல்களின் கூடை முக்கால் கிலோவுக்கு மேல் கொள்ளாது. நிரம்பினால் இயந்திரம் நின்றுவிடும். அப்படியானால் ஒரு நாளில் 12 கிலோ கிடைக்க யாராவது பதினாறு முறை, நடு இரவு உட்பட, கூடையைக் காலி செய்துகொண்டே இருக்க வேண்டும். எந்த வீட்டிலும் இது நடக்காது. வாங்கும்போது கேட்க வேண்டியவை மூன்று: கூடை எத்தனை கிராம் கொள்ளும், இயந்திரத்தின் தண்ணீர்த் தொட்டி எத்தனை லிட்டர் கொள்ளும், ஒரு சுற்றுக்கு எத்தனை நிமிடம் ஆகும்.

ஒரு தம்ளர் எலுமிச்சைச் சாற்றுக்கோ நன்னாரி சர்பத்துக்கோ ஐந்தாறு கட்டி, அதாவது ஏறக்குறைய 40 கிராம் போதும். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஒரு வேளைக்கு 200 கிராம். இதற்குச் சிறிய மாடலே தாராளம். பிள்ளையின் காதுகுத்துக்கு நூறு பேர் வருவார்கள் என்பதற்காகப் பெரிய மாடல் வாங்குவதில் பொருளில்லை. நூறு பேருக்கு நான்கு கிலோ ஒரே நேரத்தில் தேவைப்படும். மேடையில் வைக்கும் எந்த இயந்திரமும் அதை அப்போதே கொட்டித் தராது. முதல் நாளே செய்து ஃப்ரீசரில் சேர்த்து வைப்பதுதான் வழி.

சேர்த்து வைப்பதில் இன்னொரு தவறு இருக்கிறது. இந்த இயந்திரத்தின் கூடை ஃப்ரீசர் அல்ல. பெரும்பாலான மாடல்களில் அது வெப்பம் எளிதில் புகாத பெட்டி மட்டுமே. கட்டிகள் உள்ளேயே மெல்ல உருகித் தொட்டிக்குள் வடியும். அந்தத் தண்ணீரே மறுபடி உறையும். காலையில் போட்டுவிட்டு மாலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்து வாங்கியவர்கள் பாதிக் கூடையைப் பார்த்து இயந்திரம் பழுது என்று புகார் செய்கிறார்கள். கூடை நிரம்பியதும் கட்டிகளை ஒரு தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். நன்றாக இறுகியபின் பையில் போடுங்கள். ஈரத்தோடு நேரே பையில் கொட்டினால் எல்லாம் ஒட்டி ஒரே பாறையாகிவிடும்.

வெப்பத்துக்கு வருகிறேன். 32 டிகிரியில் உள்ள ஒரு கிலோ தண்ணீரை ஐஸாக்க ஏறக்குறைய 468 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். அதே தண்ணீர் 10 டிகிரியில் இருந்தால் 376 போதும். ஐந்தில் ஒரு பங்கு வேலை குறைகிறது, அதுவும் செலவில்லாமல். தொட்டியில் ஊற்றும் தண்ணீரை முதல் நாள் இரவே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து வறண்ட கோடையில் மண்பானைத் தண்ணீரும் நல்ல பலன் தரும். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடற்கரை ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் பானை அவ்வளவு குளிராது.

இயந்திரம் தண்ணீரிலிருந்து எடுத்த வெப்பத்தைத் தன்னைச் சுற்றியுள்ள காற்றில்தான் விடுகிறது. அதை அடுப்புக்குப் பக்கத்திலோ, மேடைக்குக் கீழே அலமாரிக்குள்ளோ, சுவரோடு ஒட்டியோ வைத்தால் விட்ட வெப்பத்தையே திரும்ப இழுத்துக்கொள்ளும். காற்றுத் துளைகள் உள்ள பக்கங்களில் 15 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். சமையலறை சிறியது என்றால் கூடத்தில் நிழலான மூலையில் வையுங்கள். லேபிளில் தட்பவெப்ப வகுப்பு குறித்திருந்தால் அதையும் பாருங்கள்: ‘என்’ (N) என்பது 32 டிகிரி வரை, ‘எஸ்டி’ (ST) 38 வரை, ‘டி’ (T) 43 வரை. டெல்டாவுக்கு ‘டி’ வகுப்பு வேண்டும். வெறும் ‘என்’ என்று இருந்தால், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் நான் வாங்கமாட்டேன்.

தண்ணீர்

எனக்கு மிகவும் கவலை தரும் தவறு இதுதான். உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். சாகாது. பல கிருமிகள் பனிக்கட்டிக்குள் அப்படியே கிடந்து, தம்ளரில் உருகும்போது மீண்டும் உயிர்ப்போடு வெளிவரும். குடிக்கத் தகுந்த தண்ணீர் மட்டுமே தொட்டிக்குள் போக வேண்டும். காய்ச்சுவதானால் நன்றாக ஆறவிட்டு ஊற்றுங்கள். சூடான தண்ணீரை இந்த இயந்திரம் தாங்காது.

அடுத்தது உப்பு. காவிரி, கொள்ளிடத்துக் குடிநீர் வரும் வீடுகளில் பெரும்பாலும் சிக்கல் இல்லை. போர் தண்ணீரை நம்பியுள்ள வீடுகளிலும், நிலத்தடி நீர் உவர்ந்துபோன கடலோர ஊர்களிலும்தான் தொல்லை. குழாய் வாயிலும் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியிலும் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்புப் படிவுதான் அந்த உலோக விரல்களிலும் ஏறும். ஏறியபின் கட்டிகள் சிறுத்து, கழன்று விழாமல் ஒட்டி நிற்கும். தண்ணீரை மேலேற்றும் சிறு பம்பும் அடைத்துக்கொள்ளும். காய்ச்சினால் உப்புப் போகாது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் கரைந்துள்ள உப்புகளின் விரும்பத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை. அதற்கு மேல் உள்ள தண்ணீர் என்றால் ஆர்.ஓ. தண்ணீரையோ நம்பகமான கேன் தண்ணீரையோ ஊற்றுங்கள்.

‘தானே சுத்தம் செய்துகொள்ளும்’ பொத்தானைப் பார்த்து மயங்க வேண்டாம். பல மாடல்களில் அது தண்ணீரை உள்ளே சுழற்றுவதோடு சரி. படிவு நீங்க எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலமோ கலந்த தண்ணீரை ஓடவிட்டு, பிறகு நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். எவ்வளவு கலப்பது என்பதைக் கையேட்டில் பாருங்கள். சில உலோகப் பூச்சுகளுக்கு அமிலம் ஆகாது. பிளீச்சிங் பவுடரையும் அமிலத்தையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும்.

சர்பத்தையே தொட்டியில் ஊற்றி உறைய வைக்கலாமே என்று பிள்ளைகள் கேட்பார்கள். சர்க்கரை, பால், இளநீர் எதுவும் கூடாது. பம்பு பிசுபிசுத்துப் போகும், பூஞ்சை பிடிக்கும். அந்த ஆசைக்கு ஃப்ரீசர் தட்டு இருக்கிறது.

மின்சாரம்

கோடையில் ஏ.சி.யும் வயல் மோட்டாரும் சேர்ந்து ஓடும் நேரத்தில் கிராமத்துக் கடைசி வீடுகளில் மின்னழுத்தம் இறங்கிவிடும். குறைந்த அழுத்தத்தில் கம்ப்ரெசர் கிளம்பத் திணறும். உள்சுற்றுக் கம்பி சூடேறிக் கருகும். மின்சாரம் போய் உடனே திரும்புவதும் ஆபத்து. குழாய்க்குள் வாயுவின் அழுத்தம் சமமாவதற்கு மூன்று நிமிடமாவது வேண்டும். தாமதித்துக் கிளப்பும் வசதியுள்ள ஸ்டெபிலைசர் இல்லையென்றால், மின்சாரம் போனதும் ஸ்விட்சை அணைத்துவிட்டு, திரும்பிவந்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். ஃபேனுக்கும் விளக்குக்கும் வைத்த இன்வெர்ட்டரில் இதை இணைக்காதீர்கள். கிளம்பும் நொடியில் கம்ப்ரெசர் வழக்கத்தைப் போலப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும்.

மின் கட்டணம் பலர் பயப்படும் அளவுக்கு இருக்காது. 120 வாட் இயந்திரம் தினமும் மூன்று மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 22 யூனிட். ஆனால் ஏற்கெனவே 480 யூனிட் வரும் வீடு என்றால் கவனியுங்கள். 500-ஐத் தாண்டினால் கட்டண விகிதம் வேறு.

இந்தப் பகுதிக்கே உரிய ஒரு தவறையும் சொல்ல வேண்டும். கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருப்பார். ஊர் திரும்பும்போது ஆசையாக ஐஸ் மேக்கர் கொண்டுவருவார்கள். அமெரிக்க இயந்திரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே நேரடியாகச் செருகினால் போய்விடும். சவூதியிலும் 60 ஹெர்ட்ஸ்தான், நம் மின்சாரம் 50. சிங்கப்பூர், மலேசிய இயந்திரங்கள் நம் மின்சாரத்துக்குப் பொருந்தும், பிளக் மட்டும் வேறு. எர்த் இல்லாத மலிவு அடாப்டரில் அதை மாட்டாதீர்கள். தண்ணீரும் மின்சாரமும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. அங்கே கொடுத்த வாரண்டி பெரும்பாலும் இங்கே செல்லாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இணையத்தில் வாங்கினாலும், திருச்சிக் கடையிலிருந்து பஸ்ஸில் ஏற்றி வந்தாலும், பெட்டி வழியில் சாய்ந்திருக்கும். கம்ப்ரெசர் எண்ணெய் கீழே இறங்க ஒரு நாள் முழுவதும் நிமிர்த்தி வைத்துவிட்டுப் பிறகு ஓட்டுங்கள். முதல் இரண்டு மூன்று சுற்றுக் கட்டிகள் மெலிந்திருப்பது இயல்பு. அதற்காகத் திருப்பி அனுப்ப வேண்டாம். வாங்குவதற்கு முன்பே, பழுது பார்க்க ஆள் உங்கள் ஊருக்கு வருவாரா, இயந்திரத்தை நீங்களே சுமந்துபோக வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள்.

மீனுக்காக வாங்குவதும் வேண்டாம். மீன் கெடாமலிருக்க ஏறக்குறையச் சம எடை ஐஸ் வேண்டும். ஐந்து கிலோ மீனுக்கு ஐந்து கிலோ. அதற்கு ஐஸ் ஆலைக் கட்டிதான் சரி. அந்தக் கட்டியை உடைத்து மோரில் போடும் பழக்கம் மட்டும் கூடாது. உணவில் சேர்க்கத் தகாத ஐஸுக்கு நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் உத்தரவிட்டது இதற்காகத்தான். நீலம் தெரியவில்லை என்பதாலேயே அது குடிக்கத் தகுந்ததாகிவிடாது.

ஐப்பசி மழை தொடங்கியதும் இயந்திரத்துக்கு வேலை குறையும். அப்போது அடியில் உள்ள மூடியைத் திறந்து தண்ணீரை முழுவதும் வடித்து, உட்புறத்தைத் துடைத்து, மேல்மூடியைத் திறந்தபடி இரண்டு நாள் உலரவிட்டு எடுத்து வையுங்கள். பங்குனியில் திரும்ப எடுக்கும்போது ஒருமுறை சுத்தம் செய்து, முதல் இரண்டு கூடைக் கட்டிகளைச் செடிக்குக் கொட்டிவிடுங்கள்.