தோட்ட நிலம் நேரடியாக வாங்கும்போது யாருடைய உதவி தேவை?

பினாங்கின் பாலிக் புலாவில் டுரியான் தோட்டத்தைத் தெரிந்தவரிடமே வாங்குகிறீர்களா? தரகர் வேண்டாம். வழக்கறிஞர் கட்டாயம் வேண்டும். அதுவும் விற்பவருடையவர் அல்ல, உங்களுக்கென ஒருவர். முன்பணம் கொடுக்கும் முன்பே நில அலுவலகத்தில் பதிவைப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டாவில் ‘சியாராட் ஞாத்தா’, ‘செக்காத்தான் கெப்பெந்திஙான்’ என்ற இரண்டு இடங்களை விரல் வைத்துப் படியுங்கள். நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம், கைமாற்ற மாநில அரசின் அனுமதி வேண்டுமா என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். ஒப்பந்தம் கையெழுத்தானதும் கேவியட் போடச் சொல்லுங்கள்; அதாவது, நிலத்தை வேறு யாருக்கும் மாற்றிவிடாதபடி நில அலுவலகத்தில் பதியும் தடை.

எல்லைக்கல் புதரில் மறைந்திருந்தால் உரிமம் பெற்ற நில அளவையாளரை அழையுங்கள். ‘அந்த ரம்புத்தான் மரம் வரைக்கும் நம்முடையதுதான் தம்பி’ என்ற பேச்சு நீதிமன்றத்தில் செல்லாது! வங்கிக் கடன் எடுப்பவருக்குத்தான் மதிப்பீட்டாளர். ரொக்கமாக வாங்குபவர் பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் விலை விசாரித்தாலே பெரும்பாலும் போதும். கடாவில் கூலிம் பக்கம் பார்ப்பவர்கள், மலாய்க்காரர் அல்லாதவர் பொதுவாக வாங்க முடியாத மலாய் ஒதுக்கீட்டு நிலமா என்பதை முதலில் கேளுங்கள்.